அஞ்சு பாலம் ஓட ஆசைப்பட்டேன், ரெண்டாவது பாலத்துலயே எலும்பு வலிக்க ஆரம்பிச்சிருச்சு

தஞ்சாவூர்க்காரங்களுக்குத் தெரியும், இங்கேருந்து திருவையாறு போற ரோட்டுல வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா அஞ்சு பாலம் வரும். கரந்தையில ஆரம்பிச்சு அஞ்சையும் தாண்டிட்டுத் திரும்பணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஜனவரியில சென்னையில ஃபுல் மாரத்தான், 42.195 கிலோமீட்டர், பேரும் குடுத்தாச்சு. காலையில நாலரைக்கு இருட்டா இருக்கும்னு வீட்டுக்காரர் வண்டியில பின்னாடியே வருவார்.

ஜூன்ல ஆத்துல தண்ணி வந்தப்ப வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடிட்டிருந்தேன். மூச்சு நல்லா பழகிடுச்சே, இன்னும் கொஞ்சம் ஓடலாம்னு மூணே வாரத்துல 38க்கு ஏத்திட்டேன், தப்பு அங்கதான். மூச்சு சீக்கிரம் பழகிடும், எலும்பு அவ்வளவு சீக்கிரம் பழகாதுன்னு அப்ப யாரும் எனக்குச் சொல்லல.

முதல்ல இடது கால்ல, முழங்காலுக்குக் கீழ முன்னாடி இருக்குற எலும்போட உள்பக்க ஓரமா லேசா ஒரு வலி. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், பத்து நிமிஷத்துல போயிடும், அதனால கண்டுக்கல. அடுத்த வாரம் ஓடி முடிச்சப்புறமும் நின்னுச்சு. அதுக்கடுத்த வாரம் பள்ளியக்ரஹாரம் வெண்ணாத்துப் பாலம் ஏறும்போதே ஆரம்பிச்சுட்டு, வீட்டு மாடிப்படி இறங்கும்போது பல்லக் கடிச்சுக்கிட்டு இறங்கினேன். அதுலயும் ஸ்ப்ரே அடிச்சுட்டு ரெண்டு நாள் ஓடினேன், யாரும் அப்படிப் பண்ணாதீங்க.

அம்மா சுளுக்குன்னு நினைச்சு, எண்ணெய் போட்டு நீவி விடுறவர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவர் கட்டைவிரலால அந்த எலும்பு ஓரத்தையே அழுத்தி அழுத்தி நீவினதுல மறுநாள் கால ஊனவே முடியல. அம்மா அழுதுட்டாங்க. அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சது அது.

அப்புறம்தான் எலும்பு டாக்டர், அங்கேருந்து பிசியோ. அந்தப் பிசியோ பொண்ணு பண்ணின முதல் வேலைய சொல்லியே ஆகணும். ஆள்காட்டி விரலால எலும்பு ஓரத்துல கீழேருந்து மேல ஒவ்வொரு இஞ்சா அழுத்திக்கிட்டே வந்துச்சு, "எங்க வலிக்குதுக்கா, சொல்லுங்க"ன்னு. எனக்கு நாலு விரக்கடை நீளத்துக்குப் பரவலா வலிச்சுது. இப்படிப் பரவலா இருந்தா ஷின் ஸ்ப்ளின்ட், எலும்போரம் எரிச்சலாகியிருக்குன்னு அர்த்தம். ஒரு ரூபா காசு அளவு ஒரே இடத்துல சுள்ளுனு வலிச்சாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலிச்சாலோ எலும்புல நுண்ணிய விரிசலா இருக்கலாம், அது வேற கதை. எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு, ஆனா விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், வலி குறையலன்னா எம்ஆர்ஐ எடுக்கணும்னு டாக்டர் சொன்னார். எனக்குத் தேவைப்படல.

காரணமும் தோண்டினாங்க. ஷூ 900 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, பொதுவா 500லேருந்து 800க்குள்ள மாத்திடணுமாம். நான் எதிர்ல வர்ற வண்டியப் பாத்து ஓடணும்னு எப்பவும் வலது ஓரத்துலயே ஓடுவேன், ரோடு ஓரத்துல சரிவா இருக்குறதால மேட்டுப்பக்கம் இருக்குற இடது பாதம் உள்பக்கமா சாயுதாம். இத நான் யோசிச்சதே இல்ல.

மூணு வாரம் ஓட்டமே கிடையாது. ஆத்தோரமா சைக்கிள், சாயந்திரம் துண்டு சுத்தி பத்து நிமிஷம் ஐஸ். உண்மையில உதவினது குதிகால் தூக்குறதுதான்: வாசப்படி விளிம்புல நின்னு ஒத்தக்கால்ல 15 தடவ, மூணு சுத்து, கால நீட்டி ஒரு தடவை, முழங்கால லேசா மடக்கி இன்னொரு தடவை. மடக்கிப் பண்ணும்போதுதான் கெண்டைச்சதைக்கு அடியில இருக்குற தசை வேலை செய்யும், அது பலமா இருந்தா எலும்புக்குப் போற அதிர்ச்சிய அது வாங்கிக்கும். முதல் நாள் இடது கால்ல ஆறுக்கு மேல முடியல, கால் நடுங்கிடுச்சு.

அரை மணி நேரம் வலியில்லாம நடக்க முடிஞ்சப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. அடியச் சின்னதாக்கி நிமிஷத்துக்கு 160 எட்டு வச்சத 170 ஆக்கினேன், சத்தம் குறைஞ்சு கால் மெத்துனு விழுது. மறுநாள் காலையில எழுந்ததும் விரல வச்சு அழுத்திப் பாப்பேன், வலிச்சா அன்னைக்கு ஓட்டம் இல்ல.

ஃபுல் மாரத்தானை ஹாஃபா மாத்திக்கிட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. போன ஞாயித்துக்கிழமை கண்டியூர் குடமுருட்டிப் பாலம் வரைக்கும் ஓடி, அங்க வீட்டுக்காரர் வண்டியில ஏறி வந்துட்டேன். திங்கக்கிழமை காலையில அழுத்திப் பாத்தேன், வலி இல்ல. இன்னும் காவிரி ஒண்ணுதான் பாக்கி.