நாலு மேசைக்கு ஒரு சத்தம்

பார் காட்சி எடுக்கும்போது படப்பிடிப்புத் தளத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. முப்பது நாற்பது ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்கள் வாயை அசைப்பார்கள், தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள், டம்ளரோடு டம்ளரை இடிக்கப் போய் இடிக்காமல் நிறுத்துவார்கள். நடுவில் பேசும் இரண்டு நடிகர்களின் வசனம் சுத்தமாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கூட்டத்தின் இரைச்சலைப் பிறகு சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டரில் சிலரை நிற்கவைத்து எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஒலிப்பதிவு வேலைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். சேலத்தில் எடுத்த ஒரு படத்துக்கு மட்டும் இந்த முறை போதவில்லை.

பல கதைகள் குறுக்கும் நெடுக்கும் போகிற படம் அது. ஒரே ராத்திரி, மூன்று பார்கள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டாஸ்மாக் கடையை ஒட்டிய பார், ஐந்து ரோடு பக்கம் ஏ.சி. போட்ட ஓட்டல் பார், ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் பார். நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கிளப்பி வந்த நண்பர்கள், கொலுசுப் பட்டறையில் கூலி வாங்கிவிட்டு வந்த இரண்டு பேர், வேலை போனதை வீட்டில் சொல்லாத ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். இவர்களில் பாதிப் பேருக்கு மற்றவர்கள் யாரென்றே தெரியாது. படம் முடியும்போதும் தெரிந்துகொள்ள மாட்டார்கள்.

இந்த மாதிரிக் கதைகளை ஒன்றாக முடிச்சுப் போட வழக்கமாக ஒரு விபத்தை வைப்பார்கள், இல்லாவிட்டால் கைமாறிப் போகும் ஒரு பையை வைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பாரில் உட்கார்ந்திருப்பவர்களைச் சேர்த்து வைப்பது சத்தம்தான். பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும், பாதிதான் விழும். அந்தப் பாதியை வைத்து நாம் சிரித்துவிடுவோம். பேசியவருடைய மேசையில் அது வேறு விஷயமாக இருக்கும். எங்கள் இயக்குநருக்கும் இதே எண்ணம் இருந்தது. அதனால் டப்பிங் வேண்டாம், நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்வோம் என்று முடிவானது. நான் அந்தப் படத்துக்குள் வந்தது அப்படித்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் பூட்டிக் கிடந்த ஒரு குடோனை டாஸ்மாக் பாராக மாற்றினார்கள். தகரக் கூரை, சிமெண்ட் தரை, சுவரோரம் கிரானைட் பலகை. கலை இயக்குநருக்கு இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு முதலில் காதில் விழுந்தது பக்கத்துத் தெருப் பட்டறைகளிலிருந்து வந்த தட்டல் சத்தம். கொலுசு செய்கிற ஊர், தட்டாமல் எப்படி இருப்பார்கள்? சாப்பாட்டு நேரத்திலும் இருட்டிய பிறகும்தான் முக்கியமான வசனங்களை எடுத்தோம். பட்டறைக்காரர்கள் வருகிற காட்சிகளில் அந்தத் தட்டலையே அடியில் மெல்லியதாக ஓடவிட்டோம். பாருக்கு வந்த பிறகும் அவர்கள் காதில் வேலை ஓய்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

இந்தப் படத்தில் நான் அதிகமாக உழைத்தது வாத்தியாரின் ஒரே ஒரு வசனத்துக்காக. இரண்டாவது ரவுண்டு தாண்டியதும் எழுந்து நின்று எல்லா மேசைக்கும் கேட்கிற மாதிரி அவர் சொல்வார்: "மெட்ராஸ் மாகாணத்துலயே முதல்ல மதுவிலக்கு வந்த ஜில்லா எது? நம்ம சேலம்! 1937, அக்டோபர் ஒண்ணாந் தேதி! ராஜாஜி கொண்டுவந்தது!" அதோடு விடமாட்டார். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்த கதையையும் ஆரம்பிப்பார். கையில் டம்ளரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இதைச் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? மாப்பிள்ளைக் கோஷ்டி மேசையைத் தட்டிச் சிரிக்கும். தியேட்டரும் சிரிக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து அதே நிமிடம் படத்தில் மறுபடி வரும். இந்தத் தடவை கேமரா கடைசி மேசையில் இருக்கும். அங்கே வாத்தியாரிடம் ஒரு காலத்தில் படித்தவன் ஒருவன், அவர் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கிறான். வாத்தியாரின் மகன் குடித்தே செத்துப்போனது அவனுக்குத் தெரியும், ஏனென்றால் கூடக் குடித்தவன் அவன். அதே வசனம், அதே சிரிப்பு. இப்போது அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது.

எல்லாச் சத்தத்தையும் கலந்து சேர்க்கிற மிக்ஸிங்கில் வால்யூமைக் குறைத்தால் கடைசி மேசைக்குக் கேட்கிற தூரத்துக் குரல் கிடைத்துவிடாதா என்று தயாரிப்பு நிர்வாகி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், கூடுதல் மைக்குக்கு வாடகை கட்டுவது அவர். தூரம் போகப் போக வாயிலிருந்து நேராக வருகிற குரல் குறையும். தகரத்திலும் சிமெண்டிலும் பட்டுத் திரும்பி வருகிற குரல் அந்த அளவுக்குக் குறையாது. மெய்யெழுத்துகள் மழுங்கிவிடும், உயிரெழுத்துகள் நீண்டு நிற்கும். கடைசி மேசைக்கு அந்த வசனம் 'முதல்ல', 'சேலம்' என்று துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். சிரிப்போ முழுசாக வரும், பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பதல்லவா. அதனால் நாலு இடத்தில் மைக் வைத்தோம். ஒன்று வாத்தியார் சட்டைக்குள், ஒன்று மாப்பிள்ளை மேசைக்கு மேலே, ஒன்று கடைசி மேசையில், இன்னொன்று ஆம்லெட் போடுகிற அடுப்பங்கரை வாசலில். நாலும் ஒரே டேக்கில் ஓடும். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்கள் வாயை மட்டும் அசைத்தால் இங்கே வேலைக்கு ஆகாது, நிஜமாகவே பேசிச் சிரிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எங்களைப் பேசச் சொன்னீர்கள் என்றார் அவர்களில் வயதான ஒருவர். எல்லோரையும்விட அதிகம் பேசியதும் அவர்தான்.

என்ன பேசுவது? அதற்காகத்தான் படப்பிடிப்புக்கு முன்னாலேயே சேலத்தில் பார் பாராகப் போய் உட்கார்ந்தோம். யாருக்கும் தெரியாமல் மைக்கைத் திறந்து வைக்கக்கூடாது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். குடிக்க வந்தவர் பேச்சு அவருக்குச் சொந்தம். காதால் கேட்டுக்கொள்வது, பிறகு நடிகர்களை வைத்து அதே தினுசில் பேசவைத்துப் பதிவது, அவ்வளவுதான். பாத்திரம், நாற்காலி, ஃபேன், பாட்டில் இவற்றின் சத்தத்தை மட்டும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு நேராகவே எடுத்தோம்.

ஒரு பாரில் சப்ளையராக இருந்த அண்ணன் ஒருவர் எங்களுக்கு வாத்தியாராகவே ஆகிவிட்டார். "நேரத்த வச்சுதாங்க சத்தம்" என்றார் எடுத்தவுடன். முன்பு காலை 10 மணிக்குத் திறந்துகொண்டிருந்த கடைகள் 2016 மே மாதத்திலிருந்து பகல் 12 மணிக்குத்தான் திறக்கின்றன. அந்தப் பன்னிரண்டு மணிக் கூட்டம் பேசவே பேசாது என்றார். வாங்குவார்கள், நின்றபடியே குடிப்பார்கள், போய்விடுவார்கள். அப்போது கேட்பது மூடி திருகும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும்தான். மூன்று மணிக்கு ஃபேன் சத்தம். ஏழு மணிக்குமேல் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காததால் எல்லோரும் கத்துவார்கள். ஒன்பதரைக்குப் பேச்சு மறுபடி குறைந்து கணக்கு ஆரம்பிக்கும். யார் கொடுப்பது, யார் போன தடவை கொடுத்தது, சுண்டல் யார் சொன்னது. அடியில் காலி பாட்டில்களைச் சாக்கில் போடும் சத்தம், அதுவும் அப்போது பாரை ஏலம் எடுத்தவருக்கு வருமானமாக இருந்தது. பத்து மணிக்கு ஷட்டர். "டமார்னு முழுசா எறக்க மாட்டோம் தம்பி. பாதி எறக்கிட்டு நிப்போம். உள்ள இருக்கறவங்களுக்கு அதான் பெல்லு" என்று சொல்லிக் காட்டினார். எங்கள் படத்தில் நேரம் எவ்வளவு ஆயிற்று என்று காட்ட ஒரு கடிகாரம்கூட வைக்கவில்லை. அண்ணன் சொன்ன வரிசையே போதுமானதாக இருந்தது.

பேச்சு வழக்கு அதைவிட முக்கியம். சென்னையில் சேர்க்கிற கூட்டக் குரலில் எந்த ஊர் பாராக இருந்தாலும் 'மச்சி'யும் 'இன்னா'வும் கேட்கும். சேலத்துக்காரர் தண்ணி கேட்பதே "ஏங்ணா, ஒரு தண்ணி குடுங்ணா" என்றுதான். எவ்வளவு போதை ஏறினாலும் அந்த 'ங்ணா' இறங்காது, சண்டையிலும் கூடவே வரும். ஒருவர் இன்னொருவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டே "ஏனுங்ணா இப்படிப் பேசறீங்க" என்று கேட்டதை நான் நேரில் பார்த்தேன். எழுதி வைத்த நகைச்சுவை எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

பார்களில் பார்த்ததிலேயே என்னை ரொம்பப் பாதித்தது வீட்டிலிருந்து போன் வரும் நேரம்தான். ஒருவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு விரலை உயர்த்துவார். அந்த மேசை அடங்கும், பக்கத்து மேசையும் அடங்கும். முகம் தெரியாதவர்கள்கூட, அவர் பேசி முடிக்கிறவரை டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருப்பார்கள். "வந்துட்டே இருக்கேம்மா, வண்டியில இருக்கேன்." போனை வைத்ததும் மறுபடி இரைச்சல். படத்தில் வேலை போனவருக்கு இதை வைத்தோம். வாயை அசைத்து மௌனமாக நடித்துப் பழகிய அத்தனை பேரும் அங்கே நிஜமாகவே ஒரு மனிதனுக்காக மௌனமானார்கள். தியேட்டரில் சிரிப்பு பிய்த்துக்கொண்டு போயிற்று.

அந்தப் போனின் மறுமுனையைப் பிற்பாடு ஒரு கதையில் காட்டுகிறோம், மனைவியின் பக்கமிருந்து. இசையமைப்பாளர் அங்கே வயலின் போட்டிருந்தார். நான் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரலைக் கொண்டுபோகும், சினிமாவில் போன் குரலை இன்றும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வெட்டித்தான் கேட்கவைக்கிறோம். இன்றைய கைபேசிகள் பின்னணி இரைச்சலையும் வடிகட்டிவிடும். ஆனால் வண்டியில் போகிறேன் என்று சொல்கிறவர் குரலுக்குப் பின்னால் காற்றோ ஹாரனோ துளியாவது கேட்க வேண்டாமா? சுவருக்குள் பேசுகிற குரல் தனியாகத் தெரியும். பொய் சொல்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிவது அதனால்தான். எங்கே இருக்கிறார் என்பதும் புரிகிறது, எதுவும் கேட்காமல் "சரி, பாத்து வாங்க" என்கிறாள். வயலின் இருந்தால் இதை யார் கவனிப்பார்கள்? கடைசியில் இசையமைப்பாளரே அதை எடுத்துவிட்டார், இன்றைக்கும் அவர்மேல் எனக்கு அதற்காகத் தனி மரியாதை.

ஏற்காட்டுப் பகுதி சீக்கிரம் முடிந்தது. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் பாருக்குள் ஆள் குறைவு, வெளியே பூச்சிச் சத்தம் அதிகம். ஆளில்லாத இடத்தின் சத்தமும் தேவைதான் என்பதால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு முழு நிமிடம் சும்மா பதிவு செய்வோம், அறையின் சொந்தச் சத்தம் அது. மலைக்குப் போகும் ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வாசல் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டூடியோ, நூறு படங்களுக்குமேல் எடுத்த இடம். 1938இல் வந்த முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' அவர்கள் தயாரித்ததுதான். பேசும்படத்தின் அந்த ஆரம்ப நாட்களில் நடிக்கும்போதே குரலும் பதிவாகிவிடும். நாங்கள் புதுசாகச் செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த வேலை இந்த ஊருக்குப் பழசு. வண்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீளக் கம்பியில் மைக்கைத் தூக்கிப் பிடிக்கிற எங்கள் பூம் தம்பி கையெடுத்துக் கும்பிடுவான்.

படம் வந்த பிறகு, பார் காட்சி எடுக்கிற வேறு சில யூனிட்டுகள் அந்த இரைச்சல் டிராக்கைக் கேட்டார்கள். காசு தருவதாகவும் சொன்னார்கள். நான் கொடுப்பதில்லை. திருநெல்வேலியில் நடக்கிற கதைக்குள் சேலத்துக்காரர் 'ங்ணா' போட்டுத் தண்ணி கேட்டுக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியாது. அந்தந்த ஊர் பாரில் பகல் 12 மணிக்கே போய் உட்காருங்கள், சப்ளையரைச் சிநேகம் பிடியுங்கள், ஒன்பதரை வரைக்கும் எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.