மேட்டூர் திறப்பதற்குள் முடித்திருக்க வேண்டிய வேலை

அறுபதுகளில் கட்டிய பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். களிமண் தரை, பின்பக்கம் பாசன வாய்க்கால், மாடி முழுக்க ஒழுகல். இடிக்காமல் சீரமைத்தால் சிமெண்டும் கம்பியும் மிச்சம், கரண்ட் செலவும் குறையும் என்று ஒப்புதல் வாங்கியதுவரை தொல்லை இல்லை. தொல்லை ஒரு காகிதத்தில் ஆரம்பித்தது: பழைய கட்டமைப்பு வரைபடம்.

வரைபடம் இல்லாமல் உறுதிச் சான்று இல்லை, சான்று இல்லாமல் எஸ்டிமேட் நகராது. பதிவறையில் முதல் நடைக்கு "தேடிப் பார்க்கிறோம்", இரண்டாவதற்கு "கரையான் அரிச்சிடுச்சு சார்". மூன்றாம் நடையில்தான் எழுத்தர் வாய் திறந்தார்: வரைபடம் கிடைக்கவில்லை என்று எழுதி வாங்கி, புதிதாக அளந்து வரைந்து கொடுத்தாலே போதுமாம். அதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. டெல்டாவில் மாசி, பங்குனியில் ஐந்து வாரம் போனால் ஒரு வருடம் போன மாதிரி. 'கிடைக்கவில்லை' கடிதத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அளக்கும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது. ரீபவுண்டு சுத்தியலை (தட்டித் துள்ளும் அளவை வைத்துக் கான்கிரீட்டின் உறுதியைக் கணிக்கும் கருவி) மட்டும் வைத்துத் தட்டிய முதல் அறிக்கையில் கான்கிரீட் பிரமாதம் என்று வந்தது. பழைய கான்கிரீட் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும்போது மேல்தோல் இறுகிவிடும், சுத்தியல் அந்தத் தோலைத்தான் அளக்கும். உள்ளே காரத்தன்மை போய் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். புதிதாக உடைத்த முகத்தில் தூசியை ஊதிவிட்டு காரத்தைக் காட்டும் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல இடம் ரோஜா நிறமாகும், கெட்டது நிறம் மாறாது. கம்பியின் ஆழம்வரை நிறம் வராத உத்தரங்களைத் தனியாகக் குறித்து, கோர் (துளைத்தெடுத்த உருளைத் துண்டு) எடுத்து அழுத்திப் பார்த்த பிறகுதான் சான்றில் கையெழுத்து வாங்கினோம்.

மாடியில் ஒரே கூரைமேல் மூன்று கூரை. அடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, தட்டோடு. ஒவ்வொரு முறை ஒழுகியபோதும் அதன்மேல் சிமெண்ட் தளம், மறுபடி ஓடு. நான்காவது போடத்தான் ஒப்பந்தக்காரர் வந்திருந்தார். ஐந்து செ.மீ. சிமெண்ட் தளமே சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல்; சோலார் பலகை சட்டத்தோடு சேர்த்து இருபது கிலோவுக்குள். பாரத்தைக் காரணம் காட்டி சோலாருக்கு மறுத்த பொறியாளர், மேலடுக்குகளைப் பெயர்த்து இறக்கியதும் ஒத்துக்கொண்டார். பிறகு பயம் காற்றுதான். கஜா புயலைப் பார்த்த ஊரில் அதை விளக்க வேண்டாம். சட்டத்துக்கான பீடங்களை உத்தரங்களோடு கம்பி பிணைத்து, புது ஜல்லி சுண்ணாம்பு போடுவதற்கு முன்பே வார்த்துவிட வேண்டும். எங்கள் சோலார்காரர் ஓடு பதித்த பிறகு டிரில்லோடு வந்தார். நாலாவது ஓட்டையில் தடுத்தோம். அந்த நாலு ஓட்டையும் ஐப்பசியில் ஒழுகின.

ஜல்லி கலவை: செங்கல் ஜல்லி 32 பங்குக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, கன அளவில். சுண்ணாம்பைக் கல்லாகவே வாங்குங்கள். திறந்த சாக்கில் வந்த முதல் லோடில் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போட்டால் சும்மா கிடந்தது. உயிருள்ள சுண்ணாம்பு கொதித்து உடையும். லாரியைத் திருப்பினோம். கொத்தனார் முணுமுணுத்தார், பிறகு கலவைக்கான கடுக்காய், வெல்லத் தண்ணீரை அவரே ஊறவைத்தார்.

இனி ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். அதைத் தடுக்க அடிச்சுவரில் துளையிட்டுப் பசை நிரப்ப வேண்டும். அடிச்சுவர் வேலையை நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும், ஆனால் 2022-இல் மே 24-க்கே திறந்தார்கள். காலண்டரை நம்பாமல் கிணற்று மட்டத்தைப் பாருங்கள். நாங்கள் துளை போடத் தொடங்கிய வாரம் பின்வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பாதிச் சுவர் அடுத்த கோடைக்குப் போயிற்று.

துளை 12 மி.மீ., கலவை மூட்டிலேயே, 12 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில், மறுமுகத்துக்கு 4 செ.மீ. மிச்சம் வைத்து. உள்ளே நீரை விலக்கும் சிலேன் பசை. ஈரம் ஏறி உப்புப் பூத்த கோட்டுக்கு மேலே ஓர் அடிவரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சுதான் பூச வேண்டும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு. 14 அங்குலச் சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேல். இதையெல்லாம் சொல்லியும், பல்கலைக்கழகத்தைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிறது என்று முன்கூடத்தில் மட்டும் ராவோடு ராவாகப் புட்டியும் எமல்ஷனும் அடித்தார்கள். குழு பாராட்டிவிட்டுப் போனது. தை பிறக்கும்போது சுவர் அப்பளமாக உப்பியிருந்தது.

75 வாட் விசிறிகளை 30 வாட்டுக்கு மாற்றியது இரண்டு நாள் வேலை. ஆய்வு மாதிரிகளை வைக்கும் ஆழ்உறை பெட்டிகளை மைனஸ் 80 டிகிரியிலிருந்து மைனஸ் 70-க்கு ஏற்றத்தான் ஆய்வாளர்களோடு இரண்டு மாதம் பேச வேண்டியிருந்தது. அந்தப் பெட்டிகளின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சம், அறைச் சூடு குறைவதால் ஏ.சி. வேலையும் குறையும்.

பின்சுவர் இன்னும் வெறும் சுண்ணாம்போடு நிற்கிறது. அடுத்த சித்திரைவரை அதில் பிரஷ் படக்கூடாது என்று வேலை உத்தரவிலேயே எழுதிவிட்டோம். அடுத்த குழு தையில் வருகிறதாம்.