டி.எஸ்.ஹெச். ஏறினால் தைராய்டு இறங்கியிருக்கிறது

தைராய்டு பரிசோதனை ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். 12 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. பார்த்த மாத்திரத்தில் "தைராய்டு அதிகமாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். நிலைமை நேர் எதிர். டி.எஸ்.ஹெச். என்னும் ஹார்மோன் தைராய்டில் சுரப்பதே கிடையாது. மூளைக்கு அடியில், பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்து வருகிறது. தைராய்டைப் பார்த்து "சுர, சுர" என்று அதட்டும் குரல் அது. அதட்டல் ஓங்கியிருக்கிறதென்றால் அந்தப் பக்கம் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

நாளமில்லாச் சுரப்பிகள் பலவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி கீழே உள்ள சுரப்பிக்குச் சொல்லும், அந்தச் சுரப்பியின் ஹார்மோன் ரத்தத்தில் போதிய அளவு சேர்ந்ததும் மேலே இருக்கும் இரண்டின் வாயையும் அடைக்கும். அதனால் கட்டளையையும் விளைச்சலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டி.எஸ்.ஹெச். அதிகம், ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனில் புரதத்தோடு ஒட்டாத பகுதி) குறைவு என்றால் பழுது தைராய்டில். இரண்டுமே குறைவு என்றால் சந்தேகம் பிட்யூட்டரி மீது போக வேண்டும். இந்த இரண்டாவது வகையில் டி.எஸ்.ஹெச். பார்வைக்கு நார்மலாகவும் இருக்கலாம். டி4 விழுந்து கிடக்கும்போது டி.எஸ்.ஹெச். நார்மலாக இருப்பதே கோளாறுதான். அது எகிறியிருக்க வேண்டும். டி.எஸ்.ஹெச். மட்டும் எடுத்துப் பார்த்தால் இது பிடிபடாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிட்யூட்டரியை மூளையோடு இணைக்கும் காம்பு நசுங்கினால் மற்ற ஹார்மோன்கள் குறைய, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் மட்டும் ஏறும். புரோலாக்டினுக்கு மேலிருந்து வருவது முக்கியமாக டோபமைன் என்னும் தடை உத்தரவு. காம்பு நசுங்கினால் தடை போய்ச் சேராது. 1905-ல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற பெயரை, தூண்டிவிடுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். அடக்கும் வேலையும் இதில் இவ்வளவு உண்டு என்பது அந்தப் பெயரில் தெரிவதில்லை.

டி.எஸ்.ஹெச். ஏன் இவ்வளவு கூர்மையான அளவுகோல்? ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். கிட்டத்தட்ட நூறு மடங்கு எகிறக்கூடும். டி4 இன்னும் நார்மல் எல்லைக்குள் இருக்கும்போதே அது ஏறத் தொடங்கிவிடும். கூர்மை அதிகம் என்பதால் ஆட்டமும் அதிகம். இரவில் கூடும், பிற்பகலில் தாழும். வழக்கமான எல்லை 0.4 முதல் 4 வரை. ஒருமுறை 5 வந்துவிட்டது என்று உடனே மாத்திரைக்குப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே காலை நேரத்தில் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

மொத்த டி4 அளவு பெரிதாக உதவாது. ரத்தத்தில் உள்ள டி4-ல் 99.9 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. செல்லுக்குள் நுழைவது ஒட்டாத அந்தத் துளி மட்டும். கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போதும் அந்தப் புரதம் பெருகும், மொத்த டி4 ஏறிக் காட்டும், தைராய்டில் ஒரு கோளாறும் இருக்காது.

இன்னொரு பொய்க் கணக்கு பயோட்டின். ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்கிற இந்த வைட்டமின், முடிக்கும் நகத்துக்கும் விற்கிற மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டின் ஒட்டும் வேதியியலை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. அதில் இது புகுந்தால் டி.எஸ்.ஹெச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். ஆள் நன்றாக இருக்க, காகிதத்தில் மிகைத் தைராய்டு. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிட வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சின் (மாத்திரை வடிவிலான டி4, அதாவது தைராக்சின்) முழு அளவு, ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வாக்கில். 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 100. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபிகூட இல்லாமல் இருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி; குடலில் இவை தைராக்சினைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. டோஸை ஏற்றிக்கொண்டே போயும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கால்சியத்தை எப்போது விழுங்குகிறீர்கள் என்பதுதான்.

டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும். அதனால் டோஸ் மாற்றினால் அளவு நிலைபெற ஐந்து வாரமாவது வேண்டும். மறுபரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்து வைப்பது இதனால்தான். இரண்டு வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து டோஸை மாற்றுவது வீண் வேலை. பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள். போட்ட சில மணி நேரம் ஃப்ரீ டி4 சற்று தூக்கலாகக் காட்டும்.

நீண்ட நாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி உடனே எழுந்துகொள்வதில்லை. மிகைத் தைராய்டுக்குச் சிகிச்சை தொடங்கிச் சில மாதம்வரைகூட, டி4 சரியான பிறகும் டி.எஸ்.ஹெச். தரையிலேயே கிடக்கலாம். அந்த நேரத்தில் டி4-ஐயும், தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3-ஐயும் நம்புவதே சரி.

இதே உறக்கம், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வந்தால் ஆபத்து. 5 மி.கி. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை, அட்ரினல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோனுக்கு ஏறக்குறைய ஈடு. அதற்கு மேலான அளவை மூன்று நான்கு வாரம் தாண்டி எடுத்தால், வெளியிலிருந்து வருகிறதே என்று பிட்யூட்டரி கட்டளையை நிறுத்தும், அட்ரினல் சுருங்கும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு. படிப்படியாகக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான். விழித்துக்கொண்டதா என்று பார்க்க, கார்ட்டிசோல் உச்சத்தில் இருக்கும் காலை எட்டு மணியளவில், அன்றைய மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். மாலையில் எடுத்தால் குறைவாக இருப்பதுதான் இயல்பு. அட்ரினல் முழுதாகத் தேற மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால், ஸ்டீராய்டு எடுத்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மூட்டில் போட்ட ஊசியும், அதிக அளவில் இழுக்கும் இன்ஹேலரும் இந்தக் கணக்கில் சேரும்.