எனக்கு 44, அவருக்கு 47, குழந்தை இல்ல

கனடா போலாமா, இல்ல வேலைய விட்டுட்டு கோயம்புத்தூர்லயே செட்டில் ஆகலாமான்னு ரெண்டு வருஷமா இதே பேச்சு. கனடால குடியேற பாயின்ட் போட்டு ஆள் எடுக்கற எக்ஸ்பிரஸ் என்ட்ரில ஹஸ்பண்ட் கூட அப்ளை பண்ணா 20லேருந்து 29 வயசு வரைக்கும் வயசுக்கு 100 பாயின்ட், எனக்கு இப்ப வெறும் 5, அடுத்த பர்த்டேல அதுவும் பூஜ்யம்! அங்க ஓஏஎஸ்னு கவர்மென்ட் குடுக்கற முதியோர் பென்ஷன் 65 வயசுக்கு மேல தான், அதுக்கும் குறைஞ்சது 10 வருஷம் அங்க இருந்திருக்கணும், முழுசா வேணும்னா 40 வருஷம், நமக்கெல்லாம் பாதி வந்தா பெரிசு. இங்க சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ்ல 8.2 சதவீதம் வட்டி, ஆனா 60 ஆகணும், அதுவரைக்கும் எனக்கு 16 வருஷம், அவருக்கு 13 வருஷம் கைக்காசுல தான் ஓட்டணும்.

எல்லாரும் கேக்கறது "கடைசி காலத்துல யாரு பாத்துப்பா"ன்னு தான். கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் அமெரிக்கால. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தப்போ ஸ்பேர் சாவி எங்க வீட்டு ஆணில தான் தொங்கிட்டிருந்துச்சு, நான் தான் ஓடிப்போய் கதவ தொறந்தேன். அவங்களே மறுவாரம் முறுக்கு குடுக்க வந்துட்டு அதே கேள்விய என்கிட்ட கேக்கறாங்க, சிரிக்கறதா என்ன பண்றதுன்னே தெரியல.

அவருக்கு குளிர் ஆகாது. எனக்கு இந்த ஆபீஸ் ஆகாது. கனடா அப்ளிகேஷனுக்கு வேண்டிய ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட்டுக்கு டேட் மட்டும் புக் பண்ணி வெச்சிருக்கேன், அவர்ட்ட இன்னும் சொல்லல.