பருப்பு மூட்டையின் மேல் விழும் நான்காவது அடி

நேற்று ஞாயிறு மாலை மாடியில் என் சல்சா நடன வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, கீழ்க்கடை முதலாளி தலையில் பலகைத் தூசியும் கையில் கணக்குக் கொப்பியுமாக மாடிப்படி ஏறி வந்தார். ஹட்டன் கடைவீதியில் இந்த வாடகைக்கு இன்னொரு மாடி அகப்படாது என்பதால், அவர் வாயைத் திறக்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவது என் வழக்கம். அவரோ தூசியைப் பற்றிப் பேசவேயில்லை. “மாஸ்டர், எல்லாக் காலும் நிற்கிற இடத்தில் ஒரே ஒரு கால் மட்டும் இறங்குகிறதே, அது யாருடையது? அந்த மிதியில் எனக்குக் கூட்டல் தப்பிப்போகிறது” என்றார்.

சல்சாவுக்கு எண்ணிக்கை எட்டு. கால் வைப்பது ஆறுக்கு மட்டும். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு வைத்து நான்கில் ஓய வேண்டும். ஐந்து, ஆறு, ஏழுக்கு வைத்து எட்டில் ஓய வேண்டும். கொங்கா என்னும் கைமேளம் வாசிப்பவர் தோலை அமுக்காமல் ‘தும் தும்’ என்று இரண்டு முறை திறந்து ஒலிக்கவிடுவது பெரும்பாலும் அந்த ஓய்வுகளில்தான். நம் கால் அடங்கினால்தான் அது காதில் விழும். மூன்று மாதமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தொண்டை வறளச் சொல்லியும் ஏறாத இந்தப் பாடம், கீழே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கூரை வழியாகவே ஏறிவிட்டிருக்கிறது.

கால் யாருடையது என்று கேட்கவும் வேண்டுமா? என் மச்சானுடையதுதான். எட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆறுக்கு மட்டும் ஆடவிடுவது என்ன நியாயம் என்று முதல் வாரமே கேட்டவர் அவர். குற்றம் முழுவதும் அவருடையதும் அன்று. 1505இல் இலங்கையில் வந்திறங்கிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவற்றுள், ‘ஆடுதல்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பைலா ஆட்டமும் ஒன்று. நம் கலியாண வீடுகளில் அது தொடங்கிவிட்டால் யாரும் யாருடைய கையையும் பிடிப்பதில்லை. அவரவர் கால் அவரவர் விருப்பம். ஓய்வு என்பது மூச்சு வாங்கும்போது மட்டுமே வருவது. அந்தப் பயிற்சியோடு வந்தவர், என் தங்கச்சியின் கையைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, வாயால் “நாலு” என்று சொல்லிக் காலாலும் அதை உறுதிப்படுத்துவார்.

முதலாளி இறங்கிப்போனதும், மச்சானை எண்ணாமல் வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். தங்கச்சியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். இழுக்கவோ தள்ளவோ கூடாது. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, அவளுடைய பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதைக் கையாலேயே கேட்டு, அது முழுதாக இறங்கிய பின்னரே அடுத்த அடியைக் கேட்க வேண்டும் என்றேன். இதை விளங்கப்படுத்துவது மிகக் கடினம், ஏனெனில் கலியாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் அவளுக்காக எதற்கும் காத்திருந்ததாக எங்கள் குடும்பத்தில் பதிவில்லை. ஆயினும் மூன்றாவது பாட்டில், அவளுடைய பாரம் இறங்கட்டும் என்று அவர் நின்ற இடம் தானாகவே நான்காக அமைந்தது. உடனே கீழேயிருந்து விளக்குமாற்றுக் கம்பு கூரையில் இரண்டு முறை இடித்தது. அது பாராட்டா, முறைப்பாடா, கொங்காவா என்று இதுவரை எனக்குத் தெரியாது. இடித்தது மட்டும் மிகச் சரியான இடத்தில்.

எல்லோரும் போன பிறகு, மழை விடட்டும் என்று நானும் மனைவியும் ஒரு பாட்டுக்கு ஆடினோம். அன்றாடம் சமையலறையில் உப்புக்கும் புளிக்கும் நடக்கும் வழக்கை மாடியில் நடத்துவதில்லை என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

சாவியைக் கொடுக்க இறங்கியபோது முதலாளி கேட்டார்: “கடைசிப் பாட்டுக்கு மாஸ்டர் தனியாகவா ஆடினீர்கள்? ஓர் ஆளின் காலடிதானே கேட்டது.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தாள், நாங்கள் இன்னும் கடைக்குள்ளேயே நிற்கிறோம் என்பதையும் மறந்து. இந்தப் பதினாறு வருடத்தில் எங்களைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை என்று நான் நெகிழத் தொடங்கிய அதே கணத்தில், வருகிற மாதத்திலிருந்து பருப்பு மூட்டைகளின்மேல் விரிக்க ஒரு தார்ப்பாயும் என் கணக்கில்தான் என்று முதலாளி கொப்பியில் எழுதிக்கொண்டார்.