கட்டியைப் பார்த்ததும் வாயைத் திறக்காதீர்கள்

நேற்று மாலை முடிவு வந்தது. எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் (ஸ்கேன் படங்களைப் படித்து நோயறியும் மருத்துவ மேற்படிப்பு), இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி. முதல் முறை என்னைக் கவிழ்த்த அந்த ஒரே லாங் கேஸைப் (ஒரு நோயாளியின் படங்களைத் தேர்வாளர் முன் முழுமையாக விளக்குவது) பற்றித்தான் எழுதப்போகிறேன். தியரிக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

புகைப்பழக்கம் உள்ள அறுபது வயதுக்காரர். வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம். சிறுநீர்ப் பாதையைக் காட்டும் சி.டி. யூரோகிராம். திறந்ததுமே சிறுநீர்ப்பையின் வலப்பக்கச் சுவரில் கட்டி! தலைகால் புரியவில்லை எனக்கு. சுற்றுக் கொழுப்பு, நிணநீர்க் கணு என்று மூச்சுவிடாமல் பொழிந்தேன். தேர்வாளர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இடப்பக்க யூரிட்டரை எங்கே விட்டாயம்மா?" என்றார். கான்ட்ராஸ்ட் (சாயம்) செலுத்திய பத்தாம் நிமிடப் படத்தில், சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் அந்த யூரிட்டரின் நடுவில் பட்டாணி அளவு இன்னொரு கட்டி. அதன் கீழே குழாய் கோப்பை போல விரிந்திருந்தது. அந்தக் கோப்பை அடையாளத்தை முந்தைய இரவுதான் படித்திருந்தேன்.

சிறுநீரகத்தின் கலிக்ஸ் முதல் சிறுநீர் வெளியேறும் யூரித்ரா வரை, உட்படலமான யூரோதீலியம் ஒரே துணி. மேல்பாதைக் (சிறுநீரகம், யூரிட்டர்) கட்டிகள் யூரோதீலியக் கட்டிகள் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் அது உள்ளவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சிறுநீர்ப்பையிலும் கூடவே கட்டி இருக்கும்.

அதன்பின் ஆறு மாதம், எந்த யூரோகிராமைத் திறந்தாலும் கரோனல் (உடலை முன்பக்கமிருந்து பார்ப்பது போன்ற) படத்தின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். முதலில் இரு சிறுநீரகங்கள், பிறகு இரு யூரிட்டர்கள், கடைசியில்தான் கையை எடுப்பேன். சக மாணவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக:

- எக்ஸ்க்ரீட்டரி (சாயம் சிறுநீரில் இறங்கிய நேரத்துப்) படத்துக்கு விண்டோவை (திரையில் காட்டும் கறுப்பு-வெள்ளை எல்லையை) எலும்புக்குப் போல அகலப்படுத்துங்கள். வெள்ளைக் கான்ட்ராஸ்டில் சின்னக் கட்டி மூழ்கிவிடும்.
- குழாய்க்குள் குறை தெரிந்தால் கான்ட்ராஸ்ட் இல்லாத படத்துக்குத் திரும்புங்கள். யூரிக் அமிலக் கல்கூட சி.டி.யில் பளிச்சிடும். உறைந்த இரத்தம் என்ஹான்ஸ் ஆகாது (சாயத்தை ஏற்றுப் பளிச்சிடாது).
- சி.டி.யை வைத்து டி1, டி2 (கட்டி பையின் தசையைத் தொடவில்லை, தொட்டுவிட்டது) என்று பிரித்துவிடாதீர்கள். அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள். அது எம்.ஆர்.ஐ.யின் வேலை. சிறுநீர்ப்பைக் கட்டிக்காக 2018இல் வந்த வைராட்ஸ் மதிப்பெண்ணில் டிஃப்யூஷன் (திசுவில் நீரின் அசைவைக் காட்டும்) படத்துக்கே முதலிடம்.
- டி.யூ.ஆர்.பி.டி. (யூரித்ரா வழியே கட்டியைச் சுரண்டி எடுக்கும் அறுவை) எப்போது நடந்தது என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் என்றால் வீக்கமும் கட்டி போலவே ஏமாற்றும்.
- கட்டி பையின் மேல்முனையில், நடுக்கோட்டில், கால்சியத்தோடு இருந்தால்: யூராக்கஸைச் (பையைத் தொப்புளோடு இணைத்திருந்த கருக்காலக் குழாயின் எச்சம்) சொல்லாமல் எழாதீர்கள்.

இந்த முறை எனக்கு வந்ததோ முழங்கால் எம்.ஆர்.ஐ. கிழிந்த மெனிஸ்கஸ் (மூட்டுக் குருத்தெலும்பு) கண்முன்னே நின்றது. பழக்கதோஷம், அதைக் கையால் மறைத்துக்கொண்டு எலும்பிலிருந்து தொடங்கினேன். தேர்வாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.