ஜூரோங்கில் ஒரு பாழடைந்த எண்ணெய் ஆலை, டிசம்பர் மழையில், முறையான அனுமதியுடன்

வேலி ஏறிக் குதித்துப் பாழடைந்த ஆலைக்குள் புகுந்து, பனி மூடிக் கிடக்கும் கொதிகலன்களைப் படம் எடுத்துப் போடுகிற ஐரோப்பியர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அவர்களுக்கு ஒரு டார்ச்சும் கொஞ்சம் திமிரும் போதும். இங்கே சிங்கப்பூரில் அதே காரியத்தைச் செய்ய ஒரு கட்டு பெர்மிட், காற்றைச் சோதிக்கும் கேஸ் மீட்டர், கொசுமருந்து, நாய்களோடு ஒரு சமாதான உடன்படிக்கை எல்லாம் தேவைப்பட்டன. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படுமே என்று எழுதி வைக்கிறேன்.

இடிப்பு வேலை எடுத்துச் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். சைட்டில் யாருக்கும் அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரமில்லை, 'சேஃப்டி' என்பார்கள். குத்தகை முடிந்த ஆலைக்குள் இடிப்பதற்கு முன்பே போய், எது விழும், எது வெடிக்கும், எது கடிக்கும் என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த ஊரில் ஒரு கட்டடம் நிம்மதியாகப் பாழாகிவிட முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் 1927இல் வந்தது, 1976இல் மின்சாரம் எடுப்பதை நிறுத்தினார்கள், அப்புறம் கிடங்கானது, 2006இல் இரவு விடுதியானது, 2009இல் தேசிய நினைவுச்சின்னமானது, இப்போது டைசன் கம்பெனியின் தலைமையகம். புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ்காரர்கள் சரணடைந்தார்கள், 1980இல் கார் செய்வதை நிறுத்தி மூடினார்கள், 2006இலிருந்து அது காட்சிக்கூடம். எழுபது வயதிலும் கோப்பிக்கடையில் தட்டு எடுத்து வைக்கும் அங்கிள்கள் மாதிரி, இங்கே கட்டடங்களுக்கும் ஓய்வு கிடையாது. அழகாக இல்லாதவை, சரித்திரம் நடக்காதவை மட்டும் எங்களிடம் வந்து சேரும்.

ஜூரோங்கில் அப்படி நிறைய உண்டு. 1961இல் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை போட ஆரம்பித்தபோது, அப்போதைய நிதியமைச்சரின் பெயரை வைத்து 'கோ கெங் சுவீயின் முட்டாள்தனம்' என்று கேலி பேசினார்கள். அப்புறம் ஆலைகள் வந்து குவிந்ததும் கேலி பேசியவர்களின் பிள்ளைகள் அங்கேயே வேலைக்குப் போனார்கள். பழைய குத்தகைகள் பல 30 ஆண்டு, அதற்கு மேல் இன்னொரு 30 ஆண்டு என்று போட்டவை. அவை முடிகிற காலம் இது. இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்டடத்தை இடித்துக் காலி மனையாகக் கொடுக்க வேண்டும், ஆலையைப் பொறுத்து மண்ணையும் தோண்டிப் பார்த்து, இத்தனை வருடம் எதைக் கொட்டி வைத்தீர்கள் என்று கணக்குச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஆலையை இவ்வளவு அக்கறையாக யாராவது கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

எங்களுக்கு வந்தது ஒரு சமையல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. பாமாயில், தேங்காய் எண்ணெய் இரண்டும் ஓடியிருக்கிறது. வேலை வந்து விழுந்ததோ டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் வெயிலே எட்டிப் பார்க்காது, வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். எங்களுக்கு இதுதான் குளிர்காலம். எம்ஆர்டி ரயிலில் எல்லாரும் குளிர்சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ பெரிய சோதனையில் இருக்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் சூப்பர்வைசர் பட்டுக்கோட்டைக்காரர், இங்கே வந்து தலை நரைத்தவர், மங்கி குல்லாவின் மேல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தார். கவசம் கொண்டை மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அப்படிப் போட்டால் அடிபடும்போது கழன்றுவிடும் என்றேன். "மார்கழிக் குளிருங்க தம்பி, காதுல காத்து போனா நீங்களா பார்ப்பீங்க?" என்றார். குல்லாவைப் பற்றி விதிமுறையில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கவசத்தின் உள்பட்டையைத் தளர்த்திச் சரிசெய்துகொண்டு உள்ளே போனோம்.

உள்ளே போனோம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். உண்மையில் காவல்கொட்டகையில்தான் அதிக நேரம் இருந்தோம். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிவேலை மொத்தமும் நிற்க வேண்டும். தேசிய சேவை செய்த யாரைக் கேட்டாலும் 'கேட் ஒன்' (மின்னல் அபாயம், வெளிப்பயிற்சி நிறுத்தம்) என்றால் என்ன என்று கண்ணில் ஒளியோடு சொல்வார்கள், ராணுவத்தில் எங்களுக்கு ஓய்வு கொடுத்த ஒரே தெய்வம் அது. காவல்கார அங்கிள் பால் சேர்க்காத கோப்பி-ஓ கலந்து கொடுத்தார். இங்கே யாராவது திருட வருவார்களா என்று கேட்டேன். "காப்பர் வயரெல்லாம் போயிடுச்சு. இனிமே வந்தா நாய்தான்," என்றார்.

நாய்கள் உண்மையிலேயே இருந்தன. ஆலை மூடிய பிறகும் அங்கிள் கொடுக்கும் சோற்றை நம்பி அங்கேயே தங்கிவிட்ட கூட்டம். நாங்கள் போனதும் எடைமேடைக்குக் கீழேயிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து, எங்கள் பாஸைப் பார்க்க வேண்டும் என்பதுபோல நின்றன. அங்கிள் ஒரு அதட்டுப் போட்டதும் மறுபடி படுத்துக்கொண்டன. ஆபத்துப் பட்டியலில் நாய்களை ஏற்றி, 'கட்டுப்பாட்டு நடவடிக்கை' என்ற இடத்தில் 'அங்கிள்' என்று எழுதினேன். அலுவலகத்தில் அதை மட்டும் மாற்றச் சொன்னார்கள்.

கூரை முழுக்க அஸ்பெஸ்டாஸ் ஷீட். 1991க்கு முன் கட்டிய கட்டடம் என்றால் இடிப்பதற்கு முன் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று தகுதியுள்ளவர் வந்து ஆய்வு செய்தாக வேண்டும். வந்தவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, உடைந்து விழுந்திருந்த ஒரு ஷீட்டின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். தூசி பறக்காமல் நனைந்த பிறகு நகம் அளவு ஒரு துண்டை மெல்லக் கிள்ளி எடுத்து, ஒரு பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, லேபிள் ஒட்டினார். சூப்பர்வைசர் அண்ணன் இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக் கூரையே இதுதான். எங்கப்பா இதுல ஓட்டை போட்டுத்தான் டிவி ஆன்டெனாக் கம்பியை விட்டாரு. இன்னும் அப்படியே இருக்கு."

ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்னேன். முகமூடிக்குள் அவர் முகம் எப்படிப் போனது என்று தெரியவில்லை, ஆனால் இன்னொரு லேபிள் ஒட்டினார். அந்தக் கூரையில் ஏற நினைக்காதீர்கள் என்பதை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். பாசி பிடித்துத் தரை மாதிரி உறுதியாகத் தெரியும், கால் வைத்தால் அப்பளம்.

கொசு ஆய்வு இன்னொரு பாடு. இருபது காசு நாணயம் அளவுக்குத் தண்ணீர் நின்றாலே ஏடிஸ் முட்டையிடும், ஒரு வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் ஆலையில் இருபது காசு அளவு இடங்களை எண்ணச் சொன்னால் எங்கே போவது? ஆனால் பம்பு மேடைகளைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் ஒரு புழுகூட இல்லை. பழைய எண்ணெய் கசிந்து மேலே ஏடாகப் படர்ந்திருந்தது. மூச்சு விட மேலே வரும் புழுவை எண்ணெய்ப் படலம் அடைத்துக் கொன்றுவிடும், சாக்கடையில் எண்ணெய் தெளிப்பது அதற்குத்தான். மூடிக் கிடந்த ஆலை சம்பளமில்லாமல் டெங்கி ஒழிப்பில் ஈடுபட்டிருந்தது. அதே எண்ணெய் வடிகாலுக்குள் போனால் அபராதம் என்பதால் அதையும் அடைக்கச் சொல்லி எழுதினேன்.

எடைமேடைக்குப் பக்கத்தில் சிவப்பு வண்ணத்தில் ஒரு சின்ன தாத்தோக் கோங் சந்நிதி, சீனர்கள் கும்பிடும் இடத்துக் காவல்தெய்வம். ஊதுபத்தி புதிதாக இருந்தது, ஆரஞ்சும் அன்றைக்கு வைத்ததுபோல இருந்தது. அங்கிள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சந்நிதியைச் சும்மா இடிக்கக் கூடாது, முறைப்படி பூசை செய்து வழியனுப்ப வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று மேலே உள்ளவர்களுக்குள் ஒரு நீண்ட மின்னஞ்சல் போர் நடந்தது. என் படிவத்தில் தெய்வங்களுக்குக் கட்டம் இல்லை, 'இதர' என்பதில் எழுதினேன். சுவிட்ச் அறைக் கதவின் உள்பக்கத்தில் யாரோ ஒட்டியிருந்த முருகன் படத்தை அண்ணன் மட்டும் கவனமாக உரித்து எடுத்தார். இவருக்கும் பூசை வேண்டாமா என்று கேட்டேன். "இவரு நம்மாளு, லாரியில வருவாரு," என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி எண்ணெய்த் தொட்டி. இதற்குத்தான் வாரக்கணக்கில் நேரம் போனது.

கடைசித் தொட்டியில் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் என்று பழைய பதிவேடு சொன்னது. தொட்டியின் பக்கவாட்டில் எண்ணெய் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயைத் துணியால் துடைத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது, கல் உப்பு மாதிரி நுண்ணிய மணிகள், டார்ச் அடித்தால் மினுங்கியது. ஏதோ ரசாயனம் என்று நான் ஒதுங்க, அண்ணன் அடிவால்விலிருந்து கசிந்து உறைந்திருந்ததைக் கையுறையோடு கிள்ளி, மூக்கருகே கொண்டுபோய், "தேங்காண்ணெ. சிக்கு வாடை அடிக்குது," என்றார்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். ஊரில் மார்கழி மாதம் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து எடுக்காத வீடு உண்டா? சிங்கப்பூரில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, வருடத்தில் பெரும்பாலும் தேவைப்படாது. அந்தத் தொட்டி மட்டும் பருவமழையை மதித்து உறைந்திருந்தது. ஆலை ஓடிய காலத்தில் தொட்டிக்குள் நீராவிச் சுருள் ஓடும், எண்ணெய் சூடாகவே இருக்கும். இப்போது கொதிகலனே இல்லை. பம்பு போட்டால் இழுக்கவில்லை, குழாய் அடைத்துக்கொண்டு பம்பு மட்டும் முனகியது. சூடேற்றும் கருவி கொண்டுவரலாம் என்றால், எரியும் பொருளுக்குப் பக்கத்தில் சூடு என்று அதற்கு வேறு ஒரு பெர்மிட், அதற்கு ஓர் அபாய மதிப்பீடு, அதைப் பார்க்கிறவர் விடுமுறையில். ஆகவே வேலைத் திட்டத்தில் அதிகாரபூர்வமாக 'வெயிலுக்காகக் காத்திருத்தல்' என்று ஒரு வரி ஏறியது. அதற்குப் பொறுப்பாளர் பெயர் கேட்டார்கள். என் பெயரைப் போட்டேன்.

காத்திருந்த நாள்களில் மூடியைத் திறந்து காற்றைச் சோதித்தோம். மூடிய இரும்புத் தொட்டி சும்மா கிடந்தாலே ஆபத்து என்று பலருக்குத் தெரியாது. துரு பிடிக்கிற இரும்பு ஆக்சிஜனைத் தின்றுவிடும், கெட்டுப்போகிற எண்ணெயும் அதையே செய்யும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது, 23.5க்கு மேலேயும் கூடாது. மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். கயிற்றில் மீட்டரை இறக்க இறக்க எண் குறைந்துகொண்டே போனது, பாதி ஆழத்திலேயே அலற ஆரம்பித்துவிட்டது. மணமோ நிறமோ எதுவும் எச்சரிக்காது, இரண்டு மூச்சில் ஆள் விழுவான், தூக்கப் போகிறவன் அடுத்து விழுவான். காற்றூதி வைத்து, எண் சரியாகி, வெளியே ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தி, பெர்மிட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே. இந்த இடத்தில் அண்ணன் குல்லாவைக் கழற்றிவிட்டார், நான் சொல்லாமலே.

ஜனவரியில் ஒருநாள் வெயில் அடித்தது. தொட்டித் தகடு சுட ஆரம்பித்ததும் கண்ணாடிக் குழாயில் ஓரத்திலிருந்து வெள்ளை கரைந்து, மதியத்துக்குள் மஞ்சளாகத் தெளிந்துவிட்டது. பம்பு ஒழுங்காக இழுத்தது. உரிமம் உள்ள சேகரிப்பு லாரி வந்து எண்ணெயை ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் கையெழுத்து வாங்கும்போது, பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்கிற சுத்திகரிப்பு ஆலை துவாஸில் இருப்பதாகவும், இதுவும் அந்தப் பக்கம் போனாலும் போகும் என்றும் சொன்னார். பொங்கலுக்கு லீவு கேட்டுக் கிடைக்காமல் இருந்த அண்ணன், லாரி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க தம்பி," என்றார், "எனக்கு முன்னாடி இது திருச்சிக்குப் போயிடும்போல."